பாதி கோச், பாதி கப்பல்: மும்பையிலிருந்து ஓர் ஐரோப்பியச் சுற்றுலாத் தொகுப்பு

ஐரோப்பாவைப் பேருந்தில் சுற்றிக் காட்டும் குழுச் சுற்றுலாக்கள் மும்பைக்குப் புதியவை அல்ல. தாதர், முலுண்ட், போரிவிலி என்று எந்த ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலும் அத்தகைய நிறுவனம் ஒன்றின் பெயர்ப்பலகை கண்ணில் படும். அண்மைக் காலமாக அவர்கள் முனைந்து விற்பது, முற்பாதியைக் கோச் எனப்படும் சுற்றுலாப் பேருந்திலும் பிற்பாதியைக் கப்பலிலும் கழிக்கும் தொகுப்பு. பாரிஸில் தொடங்கி சுவிட்சர்லாந்து வழியாக வெனிஸ் வரை தரைவழி. அங்கிருந்து கப்பலேறி குரோவேஷியா, மாண்டினீக்ரோ, கிரேக்கத் தீவுகள் என்று ஏதென்ஸ் வரை கடல்வழி. மனைவியோடும் எழுபது வயதைக் கடந்த மாமியாரோடும் செப்டம்பரில் இதில் சென்று வந்தேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. கீழே வரும் குறைகளில் பெரும்பாலானவை, யார் விற்றாலும் இவ்வகைத் தொகுப்பு கட்டப்படும் முறையிலேயே இருப்பவை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரைவழிப் பாதி ஊர்களைக் காட்டித் தூக்கத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. கடல்வழிப் பாதி தூக்கத்தைத் திருப்பித் தந்துவிட்டு ஊர்களைக் குறைத்துக்கொள்கிறது. பயண நிரலில் எத்தனை ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துப் பணம் கட்டுபவர்கள் ஏமாற்றமடைவார்கள். ஒவ்வோர் ஊரிலும் கால் தரையில் படும் நேரம் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு செல்பவர்களுக்கு, குறிப்பாக முதியவர்களை அழைத்துச் செல்பவர்களுக்கு, இது நல்ல ஏற்பாடுதான்.

விமானக் கட்டணம் உட்பட ஆளுக்கு நாலரை லட்சத்தை ஒட்டி ஆயிற்று. அதன்மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி.யும், வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புகளுக்கு விற்பவரே பிடித்துக் கட்டும் டி.சி.எஸ். வரியும் உண்டு. இரண்டாவதை வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம் என்பதால் அதைச் செலவாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் புறப்படும்போது கையிலிருந்து போகும் பணம் அது என்பதை விற்பனையாளர் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோவாக உயர்ந்துள்ள கட்டணம் தனி.

விசாப் பணியில் இந்நிறுவனத்தைக் குறை சொல்ல இயலாது. வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிப் படிவம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்பது வரை எழுதிக் கொடுத்தார்கள். கைரேகை பதியும் நாளன்று பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் உள்ள விசா மையத்தில் அவர்களுடைய ஆள் ஒருவர் காத்திருந்து, கோப்பை மறுபடியும் ஒரு முறை புரட்டிப் பார்த்த பின்னரே எங்களை உள்ளே அனுப்பினார். இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாண்டினீக்ரோ ஷெங்கன் நாடு அன்று. கப்பல் அங்கே போய்விட்டுக் கிரேக்கத்துக்கு வரும்போது நாம் ஷெங்கன் எல்லைக்குள் மீண்டும் நுழைகிறோம். ஆகவே ஒரு முறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா இப்பயணத்துக்கு உதவாது. செல்லத்தக்க ஷெங்கன் விசா வைத்திருக்கும் இந்தியர்களை மாண்டினீக்ரோ தனி விசா கேட்காமல் அனுமதிக்கிறது. தனியாகத் திட்டமிடுபவர்கள் இடறி விழக்கூடிய இடம் இது. நிறுவனம் எங்களுக்குப் பல முறை நுழையும் விசாவே கேட்டு வாங்கித் தந்தது.

இனி கோச். குழுவில் குஜராத்தி, மராத்திக் குடும்பங்களே மிகுதி. செம்பூர், டோம்பிவிலியிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவும் இருந்தன. வண்டியில் இருக்கைகள் நாள்தோறும் சுழற்சி முறையில் மாற்றப்பட்டதால் முன் இருக்கைச் சண்டை எழவில்லை. காலை ஆறரைக்குப் பெட்டி அறைக்கு வெளியே இருக்க வேண்டும், ஏழுக்குச் சிற்றுண்டி, எட்டுக்குப் புறப்பாடு. இந்த ஒழுங்கு முதல் நாள் இனிமையாகவும், மூன்றாம் நாள் சுமையாகவும் இருந்தது. நெடுஞ்சாலைக் கழிப்பறைகளில் 50 சென்ட் முதல் ஒரு யூரோ வரை கேட்கிறார்கள் என்பதால் சில்லறை நாணயங்களுக்குக் குழுவில் தனி மதிப்பு உண்டாயிற்று.

பாரிஸிலிருந்து லூசர்ன் செல்லும் நாளில் 600 கிலோமீட்டருக்கும் மேல் ஓட வேண்டும். அன்று நடந்த ஒரு சிறு தகராற்றைச் சொல்வது, கோச் சுற்றுலா ஏன் இப்படி நேரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்பதை விளக்க உதவும். சாலையோரத்தில் அழகிய திராட்சைத் தோட்டம் ஒன்றைக் கண்ட பெரியவர் ஒருவர், அரை மணி நேரம் நிறுத்தச் சொன்னார். ஓட்டுநர் மறுத்தார். தனியே ஏதாவது கொடுத்துவிடலாம் என்று பெரியவர் பர்ஸை எடுத்தார். ஓட்டுநர் ஒன்றும் பேசாமல், வண்டி ஓடும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் பதிவு செய்யும் டாக்கோகிராஃப் கருவியைச் சுட்டிக் காட்டினார். 2006ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஓட்டுநர் ஒரு நாளில் 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரு நாள்கள் மட்டும் 10 மணி. நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். இரவில் வழக்கமாக 11 மணி நேர ஓய்வு வேண்டும், குறிப்பிட்ட சில நாள்களில் அதை 9 ஆகக் குறைத்துக்கொள்ளலாம். விதியை மீறினால் அபராதம். இரவு உணவு முடிந்து நாம் ஒன்பதரைக்கு ஓட்டலுக்குத் திரும்பினால், மறுநாள் எட்டரைக்கு முன் வண்டி நகராது. கடைத்தெருவில் ஒரு குடும்பம் தாமதித்த அரை மணி நேரத்தை மறுநாள் காலை முழுக் குழுவும் சுமக்கிறது. இதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லியிருந்தால் பாதி மனத்தாங்கல் எழுந்திருக்காது. மும்பை–புணே சாலையில் நினைத்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டி வடா பாவ் சாப்பிட்டுப் பழகிய நமக்கு இது புரியச் சற்று நேரமாகிறது.

உணவைப் பற்றிப் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. ஒவ்வோர் ஊரிலும் ஓர் இந்திய உணவகத்தில் மாலை ஆறரைக்கே இரவு உணவு. பெயர் மாறினாலும் அதே பனீர், அதே மஞ்சள் பருப்பு, அதே குலாப் ஜாமூன். ஜைனக் குடும்பங்களுக்கு வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாமல் தனித் தட்டு தவறாமல் வந்ததை மட்டும் பாராட்டியாக வேண்டும்.

பாரிஸில் ஒரு மாலை நாங்கள் குழுவிலிருந்து பிரிந்தோம். எங்கள் பொறுப்பில் போகிறோம் என்று டூர் மேனேஜர் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவர் மராத்தி இளைஞர், மாமியாரை முதல் நாளிலிருந்தே ‘ஆஜி’ (பாட்டி) என்று கூப்பிட்டு, படிக்கட்டு கண்ட இடத்திலெல்லாம் கை கொடுத்தவர். கார் து நோர் ரயில் நிலையத்துக்கு வடக்கே லா ஷப்பல் பகுதி 1980களிலிருந்து ஈழத் தமிழர்கள் குடியேறிக் கடை வைத்த இடம். ஃபோபூர் சாந்தெனி தெருவில் நடந்தால் நகைக்கடை, புடவைக்கடை, முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் அடுக்கிய மளிகைக்கடை எல்லாவற்றிலும் தமிழ்ப் பலகைகள். கொத்து ரொட்டி கொத்தும் ஓசை தெருமுனை வரை கேட்கிறது. நாங்கள் நுழைந்த சிறிய சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் இருந்த அம்மையார், “வாங்கோ அம்மா, எங்கயிருந்து வாறியள்?” என்றார். பம்பாய் என்றதும், “அங்கயும் எங்கட தமிழாக்கள் இருக்கினமோ?” என்று வியந்தார். “ஒரு தரம் எங்க மாட்டுங்காவுக்கு வந்து பாருங்கோ” என்றார் மாமியார். இடியப்பமும் சொதியும் வந்தன. தேங்காய்ப்பாலில் எலுமிச்சையைப் பிழிந்து இறக்கிய அந்தச் சொதிக்குப் பிறகு பயணம் முழுதும் பரிமாறப்பட்ட எந்த இரவு உணவும் எங்களுக்கு நினைவில் இல்லை. அருகிலேயே 1985இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. ஆகஸ்ட் இறுதியை ஒட்டி அதன் தேர் பாரிஸ் தெருக்களில் ஓடும். மும்பைத் தமிழர்களுக்கும் இத்தொகுப்பை விற்கும் நிறுவனம் இந்த இடத்தை நிரலில் ஒரு வரியாகக்கூடச் சேர்க்காதது வியப்பளிக்கிறது. அன்று மாலை குழு ஈஃபில் கோபுரத்தின் இரண்டாம் தளம் வரை சென்று வந்தது. உச்சிக்குச் சீட்டு இல்லை என்பதைப் புரோஷரில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததால் அதைக் குறையாகச் சொல்லவும் வழியில்லை.

சுவிட்சர்லாந்தில் யுங்ஃப்ராயோக் மலை ரயில் பயணம் கொடுத்த காசுக்குத் தகும். 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த ரயில் நிலையம் 1912இல் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து அதுவரை பாதை போட 16 ஆண்டுகள் ஆயின. மேலே காற்று மெலிவதால் மாமியாருக்கு மூச்சு வாங்கியது. பத்து நிமிடம் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அடி அடியாக நடக்க வைத்ததில் சரியாயிற்று. இதயக் கோளாறு உள்ளவர்கள் புறப்படும் முன் மருத்துவரைக் கேட்பது நல்லது.

அங்கிருந்து ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் சுரங்கச் சாலை வழியாக இத்தாலியை நோக்கி இறங்கினோம். சுரங்கத்துக்கு இப்பால் ஊர்ப் பலகைகளெல்லாம் ஜெர்மன் பெயர்கள், அப்பால் இத்தாலியப் பெயர்கள்; நாடு மாறவில்லை. கண்ணாடி ஜன்னலோரம் உட்கார்ந்து பகல் முழுதும் கழித்த அந்த நாள்தான் கோச்சின் சிறந்த நாள்.

வெனிஸில் கோச்கள் தீவின் விளிம்பான த்ரோன்கெத்தோவோடு நின்றுவிடும். அங்கிருந்து படகில் புனித மாற்கு சதுக்கம். 2024 முதல் வழிகாட்டியோடு செல்லும் குழுவில் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, ஒலிபெருக்கியும் கூடாது என்று அந்நகரம் விதித்திருக்கிறது. எங்கள் குழு அதைவிடப் பெரியது. இரண்டு வழிகாட்டிகளை அமர்த்துவதற்குப் பதிலாக, ஒரே வழிகாட்டி முதலில் ஒரு பாதியையும் பின்னர் மறு பாதியையும் அழைத்துச் சென்றார். காத்திருந்த பாதிக்கு வெயிலும் புறாக்களும்தான் கிடைத்தன. இது விதியின் குற்றமன்று. ஆள் கூலியை மிச்சம் பிடித்த நிறுவனத்தின் குற்றம்.

இதைவிடப் பெரிய குறை கப்பல் ஏறும் துறையில் இருந்தது. புரோஷரில் ‘வெனிஸிலிருந்து சொகுசுக் கப்பல்’ என்று அச்சிட்டிருந்தார்கள். 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸின் சதுக்கத்தை ஒட்டிய நீர்வழியிலும் ஜூதெக்காக் கால்வாயிலும் நுழைவதை இத்தாலிய அரசு 2021 ஆகஸ்ட் 1 முதல் தடை செய்துவிட்டது. நகரத்தின் அடித்தளமும் காயல் சூழலும் பெருங்கப்பல்களால் சிதைவதைத் தடுக்க வந்த நல்ல விதி அது. ஆனால் அதன் விளைவாக, ‘வெனிஸ்’ என்று விற்கப்படும் பல பயணங்கள் உண்மையில் மார்கேராவிலிருந்தோ, த்ரியெஸ்தேயிலிருந்தோ, ரவென்னாவிலிருந்தோ புறப்படுகின்றன. எங்களுக்கு வாய்த்தது ரவென்னா. வெனிஸிலிருந்து கோச்சில் இரண்டரை மணி நேரம் தெற்கே வர வேண்டும். அந்த நேரம் வெனிஸுக்கென்று ஒதுக்கிய பகலிலிருந்தே கழிந்தது. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. ரவென்னா சாதாரண ஊரன்று; 1,400 ஆண்டுகளுக்கும் மேலாக மங்காத மொசைக் ஓவியங்கள் நிறைந்த அதன் எட்டு நினைவுச் சின்னங்கள் 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின; கவிஞர் தாந்தேயின் கல்லறை அங்குதான் இருக்கிறது. கோச் அந்த ஊரை ஒதுக்கிவிட்டு நேரே துறைமுகத்துக்குப் போயிற்று. கப்பலேறும் நேரத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. துறைமுகக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். இந்தத் தொகுப்பைத் திட்டமிட்டவர் வரைபடத்தை ஒரு முறையேனும் விரித்துப் பார்த்திருந்தால், வெனிஸில் இழந்ததை ரவென்னாவில் ஈடு செய்திருக்கலாம்.

கப்பலில் ஏறியதும் முதலில் நடந்தது பெட்டிச் சோதனை. மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் கொதிக்க வைக்கும் கம்பிச்சுருள் ஆகியவற்றைத் தீ அபாயம் கருதிக் கப்பலில் அனுமதிப்பதில்லை. நுழைவு மேசை மேல் கேபின் எண் எழுதிய சீட்டுகளோடு வரிசையாக நின்ற கெட்டில்களைப் பார்த்தபோதே எங்கள் குழுவினரை அடையாளம் கண்டுகொண்டேன். பயணம் முடியும் நாளில் திருப்பித் தந்துவிட்டார்கள். காலை ஏழு மணிக்கு முன் சுடுநீர் வேண்டுமானால் பஃபே தளத்துக்கு ஏறிச் செல்ல வேண்டும் என்பது மாமியாருக்குப் பெரிய குறை. அவர் கொண்டுவந்திருந்த பருப்புப் பொடிக்கும் புளிக்காய்ச்சலுக்கும் தடை இல்லை, சாதமும் கப்பலில் கிடைத்தது. கப்பல் நகரும் முன்னரே அவசரகாலப் பயிற்சியில் எல்லோரும் கலந்துகொண்டாக வேண்டும். இதைத் தட்டிக்கழிக்க முடியாது, தட்டிக்கழிக்கவும் கூடாது.

எங்களுக்கு ஒதுக்கியவை ஜன்னல் இல்லாத உள் கேபின்கள். இருட்டு அறையில் விடியலும் அந்தியும் தெரியாது. ஆனால் படுக்கை நன்று, குளியலறை தூய்மை. பெட்டியை ஒரு முறை பிரித்தால் போதும், மறுபடி கட்ட வேண்டியதில்லை என்ற ஒன்றே கோச்சில் அலுத்தவர்களுக்குப் பெரிய ஆறுதல். மாமியாரின் கால்வீக்கம் இரண்டே நாளில் வடிந்தது. ஆனால் ‘அனைத்தும் அடக்கம்’ என்ற விற்பனைப் பேச்சை அப்படியே நம்பக் கூடாது. ஊழியர்களுக்கான சேவைத் தொகை நாள்தோறும் ஆளுக்கு இவ்வளவு என்று தானாகவே அறைக் கணக்கில் ஏறுகிறது. வைஃபை, பாட்டில் தண்ணீர், குளிர்பானம் எல்லாம் தனிக் காசு. சேவைத் தொகை தொகுப்பில் சேராது என்பதை நிறுவனம் கப்பலில் ஏறிய பிறகே வாட்ஸ்அப் குழுவில் தெரிவித்தது. கைப்பேசியை நடுக்கடலில் விமான நிலையில் வைக்காவிட்டால், வழக்கமான ரோமிங் திட்டங்களில் அடங்காத கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பற்றிக்கொண்டு பில் எகிறும். குழுவில் ஒரு மாணவிக்கு அது நேர்ந்தது.

குரோவேஷியாவின் துப்ரோவ்னிக்கில் கப்பல் நிற்பது க்ரூஜ் துறைமுகத்தில். பழைய நகரம் அங்கிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர். நகரைச் சுற்றி 1,940 மீட்டர் நீளும் மதில்மேல் முழுதும் நடக்க மூட்டு இடம் கொடுக்க வேண்டும். நானும் மனைவியும் நடந்தோம், மாமியார் ஸ்த்ராதுன் தெருவில் ஐஸ்கிரீம் கடை வாசலில் அமர்ந்து வேடிக்கை பார்த்தார். ஒரே நேரத்தில் இரு கப்பல்கள், அவற்றில் 4,000 பயணிகள் என்று நகரம் வரம்பு வைத்திருப்பதால் தெருவில் மூச்சு விட இடம் இருந்தது. கிரேக்கத் தீவான கோர்ஃபுவில் மழை, சொல்ல ஒன்றுமில்லை.

மாண்டினீக்ரோவின் கோத்தோரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கடல்வழிப் பாதிக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு அந்த ஒரு காலைக்கே கழிந்துவிட்டது என்றாலும் எனக்கு வருத்தமில்லை. விடியற்காலையில் கப்பல் வேகத்தைக் குறைத்து, மலைகளுக்கு நடுவே உள்நாட்டுக்குள் 28 கிலோமீட்டர் புகுந்து வளையும் விரிகுடாவில் நுழைகிறது. வெரிகே என்னும் இடுக்கில் இருபுறமும் கரை ஏறத்தாழ 340 மீட்டர் தொலைவுக்குள் நெருங்குகிறது. மேல்தளத்தில் நின்ற எங்களுக்குக் கரையோர வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணின் முகம் தெரிந்தது. அவர் கையசைத்தார், தளத்தில் நின்ற நூறு பேரும் பதிலுக்குக் கையசைத்தார்கள். அதைக் கடந்ததும் நீர் நடுவே இரு சிறு தீவுகள். அவற்றுள் ஒன்று, மாலுமிகள் தலைமுறை தலைமுறையாகக் கல்லைக் கொண்டுவந்து கொட்டி எழுப்பியது; அதன்மேல் மாதா கோயில் ஒன்று இருக்கிறது. இன்றும் ஜூலை 22 அன்று ஊரார் படகுகளில் கல் ஏற்றிச் சென்று அங்கே கொட்டுகிறார்கள். எந்த நெடுஞ்சாலையும் இந்தக் காட்சியைக் காட்டாது. மலைமேல் உள்ள கோட்டைக்கு 1,350 படிகள் என்றார்கள். பாதி ஏறித் திரும்பினோம்.

சாந்தோரினியில்தான் எல்லாம் கோணலாயிற்று. அந்தத் தீவின் வெள்ளை வீடுகளும் நீலக் குவிமாடமும்தான் புரோஷரின் அட்டைப்படம். அங்கே பெருங்கப்பல்கள் அணையத் துறைமேடை கிடையாது. கப்பல் கடலிலேயே நிற்க, சிறு படகுகளில் பயணிகளைப் பழைய துறைக்குக் கொண்டு சேர்த்து, அங்கிருந்து கேபிள் காரிலோ 588 படிகளிலோ மேலே உள்ள ஃபிரா ஊருக்கு ஏற்றுவார்கள். காற்று பலமாக அடித்தால் படகுகள் ஓடா. அன்று அடித்தது. காலை எட்டு மணிக்குக் கேப்டன் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டு, நேரே ஏதென்ஸின் துறைமுகமான பிரேயுஸுக்குச் செல்வதாக அறிவித்தார். ஆபத்தான கடலில் முதியவர்களைப் படகில் இறக்காதது சரியான முடிவு. துறைகளை மாற்றும் உரிமை கேப்டனுக்கு உண்டென்று ஒப்பந்தத்திலும் இருக்கிறது. கப்பல் நிறுவனம் அன்று மாலையே துறைமுகக் கட்டணத்தை எங்கள் அறைக் கணக்கில் திருப்பி வரவு வைத்தது. 2025 கோடை முதல் அத்தீவில் சொகுசுக் கப்பல்களிலிருந்து இறங்குபவர்களிடம் பருவ உச்சத்தில் கிரேக்க அரசு வாங்கும் 20 யூரோவும் எங்கள் கணக்கில் ஏறவில்லை. கப்பலிலேயே தரைச் சுற்றுலாச் சீட்டு வாங்கிய மற்றப் பயணிகளுக்கு முழுத் தொகையும் கேட்காமலே திரும்பியது.

நாங்களோ சாந்தோரினியின் ஓயா கிராமச் சுற்றுலாவை மும்பை அலுவலகத்தில் ரூபாயில் முன்கூட்டியே வாங்கியிருந்தோம். ‘கப்பலைவிட மலிவு’ என்று சொல்லித்தான் விற்றார்கள், மலிவுதான். ஊர் திரும்பிக் கேட்டபோது, உள்ளூர் முகவருக்குப் பணம் போய்விட்டது, இயற்கைச் சீற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று முதல் பதில் வந்தது. குழுவில் இருந்த குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து, ரசீதுகளையும் கப்பல் அறிவிப்பின் படத்தையும் இணைத்து எழுதிய பிறகு பாதித் தொகை வங்கிக் கணக்குக்கு வந்தது. மீதிப் பாதியை அடுத்த ஓராண்டுக்குள் உள்நாட்டுச் சுற்றுலா ஒன்றில் கழித்துக்கொள்ளும் கூப்பனாகத் தருவதாகச் சொன்னார்கள். குஜராத்திக் குடும்பங்கள் சில அதை ஏற்று ராஜஸ்தானுக்கு முன்பதிவு செய்துவிட்டன. நாங்கள் பணமாகத்தான் வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. படகில் இறங்க வேண்டிய துறை நிரலில் இருந்தால், அந்த ஒரு நாளின் தரைச் சுற்றுலாவை மட்டுமாவது கப்பலிலேயே வாங்குங்கள்.